கோல்ஃப் கற்கவும் கற்பிக்கவும்: குழுப் பயிற்சியும் தனிப் பயிற்சியும்

கோல்ஃப் கற்றுக்கொள்ள முன்வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, குழுவில் சேர்வதா, பயிற்சியாளரிடம் தனியாகக் கற்பதா என்பதுதான். ஒன்று போதும், மற்றது தேவையில்லை என்ற எண்ணத்தில்தான் இந்தக் கேள்வி எழுகிறது. உண்மையில் இரண்டும் செய்யும் வேலைகள் வேறுவேறு. மட்டையைப் பிடிப்பது, நிற்பது, இலக்கு பார்த்து உடலை அமைத்துக்கொள்வது, குறுந்தொலைவு ஆட்டம், மைதானத்தில் நடந்துகொள்ள வேண்டிய முறை என எல்லோருக்கும் பொதுவாக உள்ளவற்றைக் குழுவில் விரைவாகவும் குறைந்த செலவிலும் கற்றுவிடலாம். ஒருவருடைய உடல்வாகுக்கும் பழக்கத்துக்கும் மட்டுமே உரிய பிழைகளை, அவரை மட்டும் உற்றுப் பார்க்கும் ஒருவரால்தான் திருத்த முடியும். ஆகவே முதல் ஐந்தாறு வகுப்புகளைக் குழுவிலும், அதன் பிறகு இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை தனியாகவும் கற்று, இடையிடையே மீண்டும் குழுவோடு ஆடுவதே நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கும் வரிசை. கற்பவருக்கும், புதிதாகக் கற்பிக்கத் தொடங்கும் பயிற்சியாளருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

எங்கே, யாரிடம் தொடங்குவது

இந்தியாவில் கோல்ஃப் நெடுங்காலமாக ஆடப்பட்டு வருகிறது. ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829-இல் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள கோல்ஃப் கிளப்புகளில் மிகப் பழையது அதுவே. பெங்களூரு கோல்ஃப் கிளப் 1876-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் சென்னை நந்தனத்திலும், கோயம்புத்தூர், உதகமண்டலம், கொடைக்கானல் ஆகிய ஊர்களிலும் மைதானங்கள் உள்ளன. பல மைதானங்கள் உறுப்பினர்களுக்கு உரியவை என்பதால், வெளியாட்கள் உள்ளே நுழையவே முடியாது என்று பலர் கருதி ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் மைதானத்தில் ஆடுவதற்கு இருக்கும் கட்டுப்பாடு, டிரைவிங் ரேஞ்ச் எனப்படும் பயிற்சித் திடலுக்கு எல்லா இடங்களிலும் இருப்பதில்லை. கட்டணம் செலுத்தி வெளியார் பயிற்சி பெற முடியுமா, கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு முகாம் நடத்துகிறார்களா என்று அலுவலகத்தில் நேரில் சென்று கேட்பது நல்லது.

பயிற்சியாளரிடம் தயங்காமல் தகுதிச் சான்று பற்றிக் கேளுங்கள். இந்தியன் கோல்ஃப் யூனியனைச் சார்ந்த நேஷனல் கோல்ஃப் அகாடமி ஆஃப் இந்தியா, பயிற்சியாளர்களுக்குப் பாடம் நடத்திச் சான்று வழங்குகிறது. அதே நேரத்தில், ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து உடன் செல்லும் கேடியாக வேலை பார்த்து, பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றுப் பயிற்சியாளரானவர்கள் நம் நாட்டில் பலர் உள்ளனர். அவர்களுடைய கண்ணுக்கு ஈடு இல்லை. சான்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், சேர்வதற்கு முன் அவர் நடத்தும் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பார்ப்பதே சிறந்த சோதனை. அவர் தொடர்ந்து பேசுகிறாரா, அல்லது மாணவர் அடிப்பதைப் பொறுமையாகப் பார்க்கிறாரா என்பதை மட்டும் கவனியுங்கள். பார்ப்பவரிடம் சேருங்கள்.

மட்டைகளை இப்போது வாங்க வேண்டாம். விதிப்படி ஒருவர் 14 மட்டைகள் வரை கொண்டு செல்லலாம் என்றாலும், தொடக்கநிலையில் நடுத்தரத் தொலைவுக்கான 7-ஆம் எண் அயர்ன், பந்தை உயர்த்திக் குறுந்தொலைவில் விழச் செய்யும் ஒரு வெட்ஜ், பந்தைக் குழியை நோக்கி உருட்டும் ஒரு பட்டர் ஆகிய மூன்றே போதும். இவற்றைப் பெரும்பாலும் பயிற்சித் திடலிலேயே தருவார்கள். வலக்கை ஆட்டக்காரருக்கு இடக்கைக்கு ஒரு கையுறையும், பிடிமானமுள்ள தட்டையான காலணியும் தேவை. பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் மட்டையை அறுத்துச் சிறிதாக்கித் தருவது தவறு. நீளம் குறைந்தாலும் தண்டின் விறைப்பும் மட்டைத் தலையின் எடையும் அப்படியே இருப்பதால், அந்தக் கனத்தைத் தூக்கவே பிள்ளை உடலைக் கோணலாக வளைக்கப் பழகிவிடும்.

குழு வகுப்பை அமைக்கும் முறை

ஒரு பயிற்சியாளருக்கு ஆறு முதல் எட்டுப் பேர் வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் அது வகுப்பாக இராது, கூட்டமாகிவிடும். முதல் பாடம் பாதுகாப்பு. எல்லோரும் ஒரே கோட்டில், ஒருவருக்கொருவர் மூன்று மீட்டருக்குக் குறையாத இடைவெளியில் நிற்க வேண்டும்; இடக்கை ஆட்டக்காரர் இருந்தால் அவரை வரிசையின் ஓரத்தில், இன்னும் சற்றுத் தள்ளி நிறுத்த வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டி யாரும் முன்னே போகக் கூடாது. பந்தைப் பொறுக்குவது பயிற்சியாளர் சொன்ன பிறகு, எல்லோரும் மட்டையைக் கீழே வைத்த பிறகு, ஒன்றாகச் சேர்ந்துதான். தன் பந்து பிறரை நோக்கிப் போவதாகத் தோன்றினால் உரக்க ‘ஃபோர்’ என்று கத்த வேண்டும் என்பதை முதல் நாளிலேயே எல்லோரையும் ஒருமுறை கத்தச் சொல்லிப் பழக்க வேண்டும், ஏனெனில் கூச்சப்படுபவர்கள் உரிய நேரத்தில் கத்துவதில்லை.

பாடத்தைக் குழியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நகர்த்துவதே சரி. அதாவது முதலில், குழியைச் சுற்றிப் புல் ஒட்ட வெட்டப்பட்ட கிரீனில் பந்தை உருட்டும் பட்டிங், பிறகு கிரீனின் ஓரத்திலிருந்து ஆடும் சிப், அதன் பிறகு சற்று உயர்த்தி அடிக்கும் பிட்ச், பிறகு 7-ஆம் எண் அயர்னில் அரை வீச்சு, முழு வீச்சு, கடைசியாகத்தான் டிரைவர். புதிதாக வருபவர்கள் எல்லோரும் டிரைவரை எடுத்துப் பந்தைத் தொலைவுக்கு விரட்டவே ஆசைப்படுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் மிக நீளமான, மிக வேகமாகச் சுழலும் அந்த மட்டையில் சிறு பிழையும் பெரிதாகத் தெரியும். கிரீனிலோ முதல் நாளிலேயே வெற்றி கிடைக்கிறது. மேலும், பார் 72, அதாவது 18 குழிகளுக்கு 72 அடிகள் என்று கணக்கிடப்படும் மைதானத்தில் ஒரு குழிக்கு இரண்டு பட் என்ற கணக்கில் 36 அடிகள், அதாவது சரிபாதி, கிரீனுக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. ராயல் கல்கத்தாவின் மைதானப் பராமரிப்பாளர் ஒருவரின் மகனாகப் பிறந்து, பெரும்பாலும் தாமாகவே கற்று, 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இந்தியன் ஓப்பனை வென்ற எஸ்.எஸ்.பி. சவுராசியாவுக்குச் சக ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் ‘சிப்புட்சியா’. சிப்பிலும் பட்டிலும் அவருக்கு இருந்த கைத்திறனே அந்தப் பெயருக்குக் காரணம்.

குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. குழி பந்தைப்போல் இரண்டரை மடங்கு அகலமானது என்பதால், பட்டிங்கில் திசையைவிட வேகமே புதியவர்களைத் தோற்கடிக்கிறது. ஒரு மீட்டர், இரண்டு மீட்டர், மூன்று மீட்டர் தொலைவுகளில், பந்தைத் தாங்கப் பயன்படும் டீ குச்சிகளை நட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் மாறி மாறி அடிக்கச் செய்யுங்கள். ஓரிடத்திலிருந்தே பத்துப் பந்துகளை அடிக்க விட வேண்டாம். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் ஆடும் வல்லுநர்களே எட்டு அடித் தொலைவிலிருந்து ஏறத்தாழப் பாதி முறைதான் பந்தைக் குழியில் இடுகிறார்கள் என்பதைச் சொல்லிவிட்டால், தவறவிட்ட பந்துக்காக வருந்தும் மனநிலை வகுப்பில் குறைந்துவிடும்.

குழுவின் உண்மையான பலன் இணையாகக் கற்பதில் இருக்கிறது. இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் அடிக்க மற்றவர் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்: தலை அசைகிறதா, அல்லது அடித்து முடித்தபின் எடை முன்காலுக்கு வந்துவிட்டதா. கவனிப்பவர் அறிவுரை சொல்லக் கூடாது. பார்த்ததை மட்டுமே சொல்ல வேண்டும். தன் கண்ணால் பிறருடைய பிழையைக் கண்டறியப் பழகியவர், தன் பிழையைச் சுட்டிக்காட்டும்போது எளிதாகப் புரிந்துகொள்கிறார்.

பிடி: நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய இடம்

முதல் இரண்டு வகுப்புகளில் பிடிக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும். மட்டைக்கும் உடலுக்கும் உள்ள ஒரே தொடர்பு அதுதான். இங்கே சொல்வது வலக்கை ஆட்டக்காரருக்கு. இடக்கையை இயல்பாகத் தொங்கவிட்டு, கைப்பிடியை உள்ளங்கையில் குறுக்காக வைக்காமல், சுண்டுவிரலின் அடியிலிருந்து ஆள்காட்டி விரலின் நடு மூட்டு வரை சாய்வாக அமையுமாறு விரல்களில் கிடத்த வேண்டும். விரல்களை மூடும்போது உள்ளங்கையின் கீழ்ப்புறச் சதை கைப்பிடியின் மேல் உட்காரும். கட்டைவிரல் நடுவிலிருந்து சற்றே வலப்புறம் சாய்ந்திருக்கும். இப்போது குனிந்து பார்த்தால் இடக்கையின் இரண்டு முட்டிகள் தெரிய வேண்டும். ஒன்றுகூடத் தெரியாவிட்டால் கை இடப்புறமாகத் திரும்பியிருக்கிறது. நான்கும் தெரிந்தால் அளவுக்கு மீறி வலப்புறம் திரும்பியிருக்கிறது. அடுத்து வலக்கையின் ஆயுள்ரேகை இடக்கைக் கட்டைவிரலை மூடுமாறு கையை வைத்து, வலக்கைச் சுண்டுவிரலை இடக்கை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே உள்ள பள்ளத்தின் மேல் வைக்கலாம். பிரிட்டிஷ் ஓப்பனை ஆறு முறை வென்ற ஹாரி வார்டனின் பெயரால் வழங்கும் பிடி இது. கை சிறியவர்களுக்குச் சுண்டுவிரலைக் கோத்துக்கொள்வதோ, பத்து விரல்களாலும் பிடிப்பதோ எளிது. இவற்றில் எதுவும் தாழ்ந்ததில்லை. குழந்தையின் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்கும்போது இருக்கும் இறுக்கம் போதும்: நழுவவும் கூடாது, வலிக்கவும் கூடாது.

நம் ஊரில் இந்த இடத்தில் கிரிக்கெட் குறுக்கே வரும். சிறுவயதில் தெருவில் மட்டை பிடித்தவர்கள் கீழ்க்கையை இறுக்கி, முன்காலை எடுத்து வைத்து, பந்தைத் தூக்கி அடிக்க முயல்கிறார்கள். அவர்களிடம் ‘கிரிக்கெட்டை மறந்துவிடுங்கள்’ என்று சொல்வதால் பயனில்லை. பந்தின் மேல் கண் வைப்பதும் உடலைச் சமநிலையில் வைத்திருப்பதும் அவர்கள் ஏற்கெனவே பெற்ற சொத்துகள். எது மாற வேண்டும் என்பதை மட்டும் விளக்கினால் போதும். பந்து நகராமல் இருப்பதால் கால் நகரத் தேவையில்லை. 7-ஆம் எண் அயர்னின் முகம் ஏறத்தாழ 30 பாகை சாய்ந்திருப்பதால், பந்தைத் தூக்கும் வேலையை அந்தச் சாய்வே செய்துவிடும். ஆடுபவர் சற்றுக் கீழ்நோக்கி, முதலில் பந்தும் பிறகு தரையும் படுமாறு அடிக்க வேண்டும். பந்து இருக்கும் இடத்துக்கு அரை அடி முன்னால், இலக்கின் பக்கமாக, புல்லில் ஒரு டீ குச்சியை அழுத்திவைத்து, வீச்சு அங்கேதான் தரையைத் தொட வேண்டும் என்று சொன்னால், பலர் சில முறை அடிப்பதற்குள்ளேயே தூக்கி அடிப்பதை விட்டுவிடுகிறார்கள்.

இப்படி உடலுக்கு வெளியே உள்ள ஒன்றைக் காட்டிச் சொல்வதற்கு ஆராய்ச்சியும் துணை நிற்கிறது. காப்ரியேலே வுல்ஃபும் உடன் ஆய்வாளர்களும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், தம் கைகளின் அசைவில் கவனம் வைத்தவர்களைவிட, மட்டையின் வீச்சில் கவனம் வைத்த புதியவர்கள் பிட்ச் அடிகளைத் துல்லியமாக அடித்தார்கள். ஆகவே ‘முழங்கையை மடக்காதே’ என்பதைவிட ‘மட்டைத் தலை பெரிய வட்டம் போடட்டும்’ என்று சொல்வதே நல்ல கற்பித்தல்.

தனிப் பயிற்சியில் நடக்க வேண்டியவை

முதல் தனி வகுப்பின் தொடக்கம் பேச்சாகவே இருக்கட்டும். இடுப்பிலோ முழங்காலிலோ தோளிலோ பழைய வலி உண்டா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும், நண்பர்களோடு மகிழ்ச்சியாக ஆடினால் போதுமா, போட்டியில் கலந்துகொள்ளும் எண்ணம் உண்டா என்பவற்றைப் பயிற்சியாளர் கேட்டறிய வேண்டும். கேட்காவிட்டால் மாணவர் தாமாகவே சொல்லிவிட வேண்டும். அறுபது வயதைத் தாண்டியவருக்கு இடுப்பு பெரும்பாலும் முழுமையாகத் திரும்பாது. அவருக்கு வலப்பாதத்தைச் சற்று வெளிப்புறம் திருப்பி வைத்து, பின்வீச்சில் இடக்குதிகால் மேலே எழ அனுமதித்தாலே முதுகின் சுமை குறைந்துவிடும். இருபது வயது இளைஞரின் வீச்சை அவரிடம் எதிர்பார்ப்பது கொடுமை.

பிறகு பயிற்சியாளர் எதுவும் பேசாமல் பத்துப் பந்துகளாவது பார்க்க வேண்டும். கைப்பேசியில் இரண்டு கோணங்களில் மெதுவோட்டப் படம் எடுக்கலாம்: ஒன்று பந்துக்குப் பின்னால், இலக்கை நேராகப் பார்த்தவாறு, கைகளின் உயரத்தில் வைத்து; மற்றொன்று மாணவரின் எதிரே, மார்பு உயரத்தில். எடுத்த படத்தில் உள்ள பிழைகளையெல்லாம் காட்டிவிடுவது வீண். ஒரே ஒரு சட்டகத்தை நிறுத்தி, ஒரே ஒரு விஷயத்தைக் காட்ட வேண்டும்.

பெரும்பாலானவர்களை வாட்டும் ஸ்லைஸை எடுத்துக்கொள்வோம். வலக்கை ஆட்டக்காரரின் பந்து இலக்குக்கு இடப்புறமாகப் புறப்பட்டு, பாதி வழியில் வலப்புறம் வளைந்து மரங்களுக்குள் போகிறது. பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அடிபடும் கணத்தில் மட்டையின் முகம் பார்க்கும் திசை; அது வளைவது, முகத்துக்கும் மட்டை நகரும் பாதைக்கும் உள்ள வேறுபாட்டால். பழைய பாடங்கள் பந்து மட்டையின் பாதையில்தான் புறப்படும் என்று கற்பித்தன. ரேடார் கருவிகளால் அளந்து பார்த்தபோது அது தவறென்று தெரிந்தது. இந்த விளக்கப்படி, மேலே சொன்ன மாணவரின் மட்டை முகம் இலக்குக்கு இடப்புறமாகவும், பாதை அதைவிட இன்னும் இடப்புறமாகவும், அதாவது வெளியிலிருந்து உள்நோக்கி வெட்டுவதாகவும் இருக்கிறது. பந்து வலப்புறம் போகிறதே என்று அவர் தம் உடலை மேலும் இடப்புறம் திருப்பி நிற்கிறார், பாதை இன்னும் இடப்புறமாகிறது, வளைவு கூடுகிறது. திருத்த முயன்றதே நோயை வளர்க்கிறது என்பதை அவருக்கு விளக்கிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஆனால் வீச்சைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. டிரைவரின் முகத்தில் பவுடரை மெல்லியதாகத் தடவி இரண்டு பந்துகளை அடிக்கச் சொல்லுங்கள். அடையாளம் முகத்தின் குதிப்பகுதியில், அதாவது தண்டுக்கு அருகே விழுந்திருந்தால், டிரைவர் முகத்தின் குவிந்த வடிவத்தால் பந்து இடப்புறம் புறப்பட்டு, நடுவில் படாததால் உண்டாகும் சுழற்சியால் வலப்புறம் வளையும். பாதை சரியாக இருந்தாலும் இது நடக்கும். அவருக்குத் தேவை பந்திலிருந்து சற்று விலகி நிற்பதோ, எடையை விரல்நுனிகளில் போடாமல் பாதத்தின் நடுவில் வைப்பதோதான். அடையாளம் முகத்தின் நடுவில் இருந்தால் மட்டும் பிடியைப் பாருங்கள். இடக்கை முட்டி ஒன்றும் தெரியாவிட்டால் இரு கைகளையும் சற்று வலப்புறம் திருப்பச் சொல்லுங்கள். அடுத்து, தரையில் இரண்டு நேர்க்குச்சிகளை, ஒன்றை இலக்கை நோக்கியும் மற்றொன்றை அதற்கு இணையாகக் கால்விரல்களின் ஓரமாகவும் வைத்துத் தோள்களைச் சரிபாருங்கள். அதன் பிறகும் பாதை மாறாவிட்டால், பந்துக்கு வெளிப்புறத்தில் சற்றுப் பின்னால் மட்டையின் துணியுறையை வைத்து, அதைத் தொடாமல் அடிக்கச் சொல்லுங்கள். இவை எல்லாவற்றையும் ஒரே வகுப்பில் செய்ய முயல வேண்டாம். ஒரு வகுப்புக்கு ஒரு திருத்தம். மாணவர் வீட்டுக்குப் போகும்போது அதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் வகுப்பு இன்னும் முடியவில்லை.

ஒவ்வொரு அடிக்குப் பிறகும் கருத்துச் சொல்லும் பயிற்சியாளர் உழைப்பாளியாகத் தோன்றுவார், ஆனால் அவர் அருகில் இல்லாதபோது மாணவரால் ஆட முடியாமல் போகும். மூன்று நான்கு பந்துகளுக்கு ஒருமுறை, அதுவும் ‘அது எப்படி இருந்தது?’ என்று கேட்ட பிறகு சொன்னால் போதும். மாணவரின் கையையோ தோளையோ தொட்டுத் திருத்த வேண்டியிருந்தால் முதலில் அனுமதி கேட்க வேண்டும். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கற்பிக்கும்போது இதில் விதிவிலக்கே கிடையாது.

வகுப்புகளுக்கு இடையே

ஒரு கூடையில் ஐம்பது பந்துகள் என்று வைத்துக்கொண்டால், முதல் பதினைந்தைத் திருத்தத்துக்காக, மெதுவாக, அரை வீச்சில் அடியுங்கள். அடுத்த இருபதை ஒவ்வொரு முறையும் மட்டையையும் இலக்கையும் மாற்றி அடியுங்கள். மீதியைச் சிப்புக்கு ஒதுக்குங்கள். மாற்றி மாற்றி அடிக்கும்போது ஆட்டம் மோசமாகிவிட்டது போலத் தோன்றும், கவலை வேண்டாம். ஷே, மார்கன் ஆகிய இருவர் 1979-இல் வேறொரு கைவேலையில் நடத்திய சோதனையிலேயே, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியின்போது முன்னணியில் இருந்தார்கள், கலந்து செய்தவர்களோ பின்னர் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். சமவெளி ஊர்களில் ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை ஒன்பது மணிக்கு முன் பயிற்சியை முடித்துவிடுங்கள். மணிக்கட்டிலோ கீழ்முதுகிலோ வலி தொடர்ந்தால் மட்டையை வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வலியோடு பழகும் வீச்சு, வலி போன பிறகும் நிலைத்துவிடும்.

மைதானத்துக்குள்

பயிற்சித் திடலில் தரை சமமாக இருக்கும், அடித்தது தவறினால் அடுத்த பந்து காத்திருக்கும். மைதானத்தில் இரண்டும் இல்லை. ஆகவே தனி வகுப்புகளில் ஒன்றையாவது, பயிற்சியாளர் உடன் நடந்துவர ஒன்பது குழிகள் ஆடும் வகுப்பாகக் கேட்டுப் பெறுங்கள். சரிவில் எப்படி நிற்பது, தண்ணீருக்கு முன் எந்த மட்டையை எடுப்பது, எப்போது துணிச்சலை விட்டுப் பந்தைப் பாதுகாப்பாகப் பக்கவாட்டில் தட்டுவது என்பவற்றை வேறெங்கும் கற்க முடியாது.

குழுவோடு முதன்முறை மைதானத்தில் இறங்கும்போது ‘ஸ்கிராம்பிள்’ முறையில் ஆடச் செய்வது மிக நல்லது. நால்வரும் அடித்து, நான்கில் நல்ல இடத்தில் விழுந்த பந்தைத் தேர்ந்து, அங்கிருந்தே நால்வரும் மீண்டும் அடிப்பார்கள். திறமை குறைந்தவர் அடித்த ஒரு பட் அணியைக் காப்பாற்றும்போது அவர் முகத்தில் தெரியும் மலர்ச்சிக்காகவே இதைப் பரிந்துரைப்பேன். விதிகளில் தொடக்கத்தில் சில தெரிந்தால் போதும்: 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிடங்களே உண்டு, பட் செய்யும்போது கொடிக்கம்பத்தை எடுக்காமலும் ஆடலாம். பங்கர் எனப்படும் மணற்பள்ளத்தில் கால்தடத்தைச் சமன்செய்வதும், கிரீனில் பந்து விழுந்த பள்ளத்தைச் சரிசெய்வதும், பின்னால் வரும் குழு வேகமாக ஆடினால் வழிவிடுவதும் கட்டாயப் பழக்கங்கள். உலக ஹேண்டிகேப் முறையில், திறமைக்கு ஏற்ப அடிகளில் தரப்படும் சலுகையான ஹேண்டிகேப் 54 வரை வழங்கப்படுவதால், புதியவரும் அனுபவமிக்கவரோடு சமமாகப் போட்டியிட முடியும். ஆகவே ‘நன்றாக ஆடக் கற்ற பிறகு பதிவு செய்கிறேன்’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

குழு வகுப்பிலிருந்து ஒருவரைத் தனி வகுப்புக்கு அனுப்ப வேண்டிய நேரத்தைப் பயிற்சியாளர் எளிதில் அறியலாம். அதே பிழை மூன்று வகுப்புகளில் தொடர்ந்து வந்தாலோ, மற்றவர்கள் முன் அடிக்க அவர் தயங்கினாலோ, மிக விரைவாக முன்னேறி மற்றவர்களுக்காகக் காத்திருந்தாலோ அனுப்பிவிட வேண்டும். கற்பவரும் தம் பயிற்சியாளரைக் கணிக்க வேண்டும். ஐந்து தனி வகுப்புகளுக்குப் பிறகும் உங்கள் பந்து ஏன் அப்படிப் போகிறது என்று உங்களுக்கே விளக்கத் தெரியாவிட்டால், அதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அடுத்த வகுப்பிலும் அது மாறாவிட்டால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் செல்லுங்கள்; செல்லும்போது இதுவரை எழுதிவைத்த குறிப்புகளையும், முதல் வகுப்பில் எடுத்த படங்களையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.